மேடம் கல்லு

கருணாகரனின் போன் வந்தபோது ஆம்பூரில் என் தம்பி வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸியை நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"மேடம், மேடம் போய்ட்டாங்க" என்றார்.

எங்கள் அலுவலகத்தில் ஜீப் ஓட்டியவர் கருணாகரன். அங்கே வேலை பார்த்த பெண்கள் எல்லோருமே அவருக்கு மேடம்தான். "எந்த மேடம், கருணா?" என்று கேட்டேன்.

"கல்லு மேடம்" என்றார். 

பொறியாளர் பிரிசில்லா, தம் அம்மா செவிலியராக வேலை பார்த்த அதே வேலூர் மருத்துவமனையில் அன்று காலை இறந்துபோனார். ஒரு வருடமாகவே சிறுநீரகம் படுத்திக்கொண்டிருந்தது அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் என்ன, போய்விட்டார் என்ற சொல்லைக் கேட்கும்போது மனசு தயாராகவா இருக்கிறது?

அடக்கத்துக்குப் பின் நடந்த ஜெபக் கூட்டத்தில் உறவினர் ஒருவர் எழுந்து, "பிரிசில்லா அம்மா சாந்த குணம் உள்ளவர், அதிர்ந்துகூடப் பேசமாட்டார்" என்றார். நானும் கருணாகரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதே என்று நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். மேடத்தோடு ஒருமுறை ஒரே ஜீப்பில் போயிருந்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எழுதுங்க ஆன்ட்டி. அம்மாவ அம்மா மாதிரியே எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். இதில் சாந்த குணம் ஜாஸ்தி இருக்காது.

ஆற்றுப் பணிகளைப் பார்க்கும் பிரிவு அலுவலகத்தில் நான் வரைபடம் வரைபவளாக இருந்தேன். மேடம் அங்கே உதவிப் பொறியாளராக வந்து சேர்ந்தார். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் பாலாற்றின் ஒரு பகுதி அவர் பொறுப்பு. வந்த அன்றே என் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். நான் வரைந்துகொண்டிருந்த தாளைக் குனிந்து பார்த்தார்.

"சாந்தி, இது இன்னா நீலம்?"

"ஆறு மேடம்."

"நீ இதுக்குள்ள நீலமா எதையாவது பாத்திருக்கியா?"

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் நீலக் கோடு போட்டிருந்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் போட்டிருந்தார். மணலுக்கு நடுவே நெளிந்து போகும் அந்தக் கோட்டை நாங்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்து வரைந்து வந்தோம். பாலாற்றுப் பாலத்தை நான் சின்ன வயதிலிருந்து பஸ்ஸில் ஆயிரம் தடவை கடந்திருப்பேன். ஆனால் ஒரு நாளாவது உள்ளே இறங்கி நின்றதில்லை. மணல், முள்ளு, குப்பை, நாற்றம். அதில் இறங்கி என்ன பார்ப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

"எழுந்திரு. பாக்காதத எப்படி வரைவ?" என்றார். புதுச் செருப்பு போட்டிருந்தேன் அன்றைக்கு. மேடம் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல நடந்தார். நல்ல வெயில். ஆற்றின் நடுவில் போய் உட்கார்ந்து, சேலையை முழங்கால் வரை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் மணலைத் தோண்டினார். முழங்கை அளவு போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் குழியின் அடியில் தண்ணீர் மெல்ல ஊறி நின்றது.

"பாலாறு படுத்துக்கினு போற ஆறு, சாந்தி" என்றார். "எழுந்து நின்னாதான் நம்ம ஜனங்க அத ஆறுன்னு ஒத்துக்கறாங்க. மணலுக்குள்ள அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது. மணல அள்ளிட்டம்னா? படுக்கைய உருவிட்டா எங்க படுக்கும்?"

அன்றைக்குத் திரும்பி வந்து அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, கரையிலிருந்து கரை வரைக்கும் மொத்தத்தையும் ஆறாகப் போட்டேன். மேலதிகாரி அதைப் பார்த்து, "ஆறு எங்கம்மா?" என்று கேட்டார். மேடம் தம் இடத்திலிருந்தே, "சார், நீங்க விரல் வெச்சிருக்கற இடம் எல்லாமே அதான்" என்றார். அதுவே அவருடைய சாந்தமான குரல்.

கல்லு மேடம் என்ற பெயர் கருணாகரன் வைத்தது. மணல் லாரிக்காரர்கள் திருட்டுத்தனமாகத் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள் ஆற்றில் நிறைய உண்டு. மற்ற பொறியாளர்கள் அவற்றைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மேடமும் திட்டுவார், திட்டி முடித்ததும் உள்ளே இறங்கிவிடுவார். வெட்டுப்பட்ட பக்கச் சுவரில் பொடி மணல் ஒரு வரி, பருமணல் ஒரு வரி, கூழாங்கல் ஒரு வரி என்று அடுக்கடுக்காகத் தெரியும். கூழாங்கல் வரியைத் தொட்டுக் காட்டுவார். தட்டையான கற்கள் எல்லாம் சமையலறை ஸ்டாண்டில் தட்டுகளை அடுக்கினதுபோல ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். "தண்ணி எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் தலைய சாச்சிக்கும். எவ்ளோ பெரிய கல்லு கெடக்குதுன்னு பாரு, அவ்ளோ வேகம் அன்னிக்கு. ஆத்துக்கு ஞாபகம் ஜாஸ்தி. நமக்குதான் கம்மி." சொல்லிக்கொண்டே நாலைந்து கற்களை முந்தானையில் கட்டுவார். எந்த இடத்தில் என்ன அளவுக் கல் என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். அலுவலக ஜன்னலோரம் முழுக்கக் கல், ஜீப்பின் பின்சீட்டின் அடியில் கல்.

"மேடம், வண்டி மைலேஜ் கொடுக்கல, உங்க கல்லாலதான்" என்று கருணாகரன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"அப்போ நீ எறங்கிக்கோ. கல்லு இருக்கட்டும்" என்றார் மேடம். பெயரைக் கேட்டு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

இனி ஜோதி நகர் விஷயம். அதை நேரில் பார்த்த உங்களில் சிலருக்கு இது தெரிந்த கதை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆறு அங்கே இடது பக்கமாகத் திரும்புகிறது. இடக்கரையில் பழைய ஊர், பள்ளிக்கூடம், சில தோல் ஷெட்டுகள். வலக்கரையில் ஜோதி நகர். ஷூ கம்பெனிகளுக்குத் தைக்கப் போகும் பெண்கள் சீட்டுப் பிடித்தும் நகையை வைத்தும் கட்டின சின்னச் சின்ன வீடுகள், கரையை ஒட்டி ஒரே தெரு. ஊர்ச் சாக்கடை இடக்கரையோரம் வந்து ஆற்றில் இறங்கி, மணலில் ஒரு வாய்க்காலை வெட்டிக்கொண்டு வருடம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றில் கண்ணுக்குத் தெரிந்து ஓடுகிற தண்ணீர் அது ஒன்றுதான். அதனால் ஊரே அதை ஆறு என்று நினைத்துக்கொண்டது. மழை பெய்தால் அது பெருகி, கரைப் பக்கத்து மணலைக் கொஞ்சம் அரிக்கும். 'ஆறு எங்க பக்கம் அரிக்குது' என்று இடக்கரைக்காரர்கள் மனு மேல் மனு கொடுத்தார்கள். ஈரமான ஆறுள்ள ஊர்க்காரர்கள் யாரும் செய்யாத தப்பு இது. காய்ந்த ஆற்றோடு பிறந்து வளர்ந்த எங்களுக்குத்தான் சாக்கடையை ஆறென்று நம்பத் தோன்றும். எங்கள் அலுவலகத்து நீலக் கோடும் அந்தச் சாக்கடைதான்.

மேடம் வருவதற்கு முன்பே இடக்கரைக்கு ஒரு பெரிய தடுப்புச் சுவர் ஒப்புதலாகியிருந்தது. அந்தச் சுவரும் பழைய கரையில் இல்லை. சாக்கடையை ஒட்டி, ஆற்றுக்குள் வெகுதூரம் தள்ளி வரவிருந்தது. சுவருக்குப் பின்னால் கிடக்கும் மணல் திட்டு ஊருக்கு மைதானமாகும், ஷெட்டுக்காரர்களுக்கு லாரி நிறுத்த இடமாகும். ஜோதி நகர்ப் பக்கம் ஒரு கல்லுகூட இல்லை.

மேடம் அந்தத் திருப்பத்தில் இரண்டு கரையிலும் மேலும் கீழும் பல நாள் நடந்தார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும், "கருணா, பஸ் வளைவுல திரும்பறப்போ நின்னுக்கினு இருக்கறவங்க எந்தப் பக்கம் சாய்வாங்க?" என்று கேட்டார்.

"வெளிப்பக்கம் மேடம்."

"ஆறும் அப்பிடிதான் சாயும். ஜோதி நகர் மேலதான் சாயப்போவுது. இவங்க இந்தப் பக்கம் செவுரு கட்டி அத இன்னும் தள்ளிவிடப் போறாங்க."

பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். சுவரை நிறுத்த மேடம் பார்க்கிறார் என்று அதற்குள் ஊரெல்லாம் பேச்சு. இடக்கரைக்காக முதலில் பேசியவர் யூசுப் பாய். மேல்விஷாரத்துக்காரர், அங்கே தோல் ஷெட் வைத்திருந்தார். மரியாதையான மனிதர், ஆனால் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"மேடம், கை நெறைய மனு குடுத்து வாங்கின செவுரு. நீங்க வந்து பேஜார் பண்றீங்க. ஆறு எங்க பக்கம் ஓடுது, கண்ணால பாக்கறோம். நீங்க அந்தப் பக்கம் கல்லு போடணும்னு சொல்றீங்க. இது இன்னா நியாயம்?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தப் பக்கம் சர்ச் இருக்குது இல்ல. அதான் மேடத்துக்கு அக்கறை."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. மேடத்தின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. யூசுப் பாய் திரும்பி, "யார்ரா அது? அந்தப் பேச்சு இங்க வேணாம். கேக்கறதா இருந்தா ஆத்தப் பத்திக் கேளு" என்றார்.

"சர்ச் இருக்குது பாய், மாரியம்மன் கோயிலும் இருக்குது" என்றார் மேடம். "ஆத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். வந்தா ரெண்டையும் சேத்து எடுத்துக்கினு போவும். செரி, ஆத்தப் பத்தியே கேக்கறேன். கடைசியா பெரிய வெள்ளம் வந்தத பாத்தவங்க இங்க யார் யார் இருக்கீங்க?"

பெரியவர்கள் சிலர் கை தூக்கினார்கள்.

"அன்னிக்கு மேல ஷெட்டுலேர்ந்து தோல் அடிச்சிக்கினு வந்துச்சா?"

வந்துச்சு என்று நாலு பக்கமும் சத்தம். வெள்ளம் வற்றினபோது எருமைத்தோலும் ஆட்டுத்தோலும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மணல் திட்டில் குவிந்து கிடந்ததையும், யாருடையது என்று அடிதடி நடந்ததையும், நாற்றத்தில் பள்ளிக்கு லீவு விட்டதையும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் சொன்னார்கள். கூட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"தோல் இந்தப் பக்கம் ஒதுங்கிச்சி. அந்தப் பக்கம் இன்னா போச்சி?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒரு பெரியவர்தான் சொன்னார். "பனைமரம் போச்சிம்மா. ஒரு வரிசையே நின்னுது. காலைல பாத்தா மரமும் இல்ல, மரம் நின்ன மண்ணும் இல்ல."

"அந்தப் பனைமரம் நின்ன எடத்துக்குப் பின்னாடிதான் இப்போ ஜோதி நகர்" என்றார் மேடம். "திரும்பற ஆறு உள்பக்கத்துல குடுக்கும், வெளிப்பக்கத்துல எடுக்கும். தோல் ஒதுங்கின பக்கத்துக்குப் பெரிய செவுரு கேக்கறீங்க. பனைமரம் போன பக்கத்துக்கு ஒண்ணுமே இல்ல. நான் சொல்லல, நீங்களே சொன்னீங்க."

யூசுப் பாய் கொஞ்சம் யோசித்தார். "அப்போ ஆறு வந்தா என் ஷெட்டுக்கு இன்னா ஆவும்? அத சொல்லுங்க."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், ஒன்றும் ஆகாது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். மேடம் அப்படிச் சொல்லவில்லை. "தண்ணி வரும் பாய். முட்டி வரைக்கும் வரும். சேத்த போட்டுட்டுப் போய்டும், கழுவிக்கலாம். அவங்க வூட்டுக்கு வந்தா கழுவறதுக்கு வூடு இருக்காது."

அன்று யாரும் கைதட்டவில்லை. ஆனால் யாரும் சண்டை போடவும் இல்லை. யூசுப் பாய் எழுந்து, "சாக்கடைக்கு ஒரு வழி பண்ணுங்க மேடம், மத்தத நீங்க பாத்துக்கங்க" என்றார். அந்தக் கொட்டகையில் வென்றது பாதிதான். மீதிப் பாதிக்கு மேடம் மேல் அலுவலகங்களுக்கு எவ்வளவு அலைந்தார் என்பதை வரைபடத்தைத் திரும்பத் திரும்ப வரைந்த என் விரல்கள் அறியும். அங்கே ஒருவர், "ஆறு வர்றதே இல்ல, அந்தப் பக்கம் கல்லு இன்னாத்துக்கு?" என்று கேட்டாராம். "வராத ஆத்துக்கு இந்தப் பக்கம் செவுரு இன்னாத்துக்கு சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன் என்று மேடம் ஜீப்பில் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

கடைசியில் திட்டம் மாறியது. இடக்கரையில் சுவர் பழைய கரைக்கே பின்வாங்கி, உயரமும் குறைந்தது. சாக்கடை குழாய்க்குள் போனது. மணல் திட்டு ஆற்றுக்கே விடப்பட்டது. வலக்கரையில் சரிவு முழுக்கக் கல் பதித்து, கரையிலிருந்து ஆற்றுக்குள் கையை நீட்டினதுபோல மூன்று குட்டையான கல் அணைகள் கட்டினோம். அலுவலகத்தில் அதற்கு ஸ்பர் என்று பெயர். வருகிற வேகத்தை வாங்கித் தண்ணீரைக் கரையிலிருந்து கொஞ்சம் ஒதுக்கிவிடும். அந்த வேலையின்போது ஒப்பந்தக்காரர் ஒரு லோடு வழவழவென்ற உருண்டைக் கல்லைக் கொண்டுவந்து கொட்டினார். மேடம் அதில் ஒன்றைத் தூக்கிச் சரிவில் விட்டார். அது ஒப்பந்தக்காரரின் காலடிக்கே உருண்டு வந்து நின்றது. "இத நீங்களே எடுத்துக்கினு போங்க. எனக்கு மூலை இருக்கற கல்லு வேணும். ஒண்ண ஒண்ணு கவ்விக்கினு நிக்கணும்." லோடு அப்படியே திரும்பிப் போனது.

பிறகு பல வருடங்கள் ஆறு வரவே இல்லை. ஸ்பரின் மேல் துணி காய்ந்தது. ஆடுகள் நின்றன. வேலை முடிந்து வரும் பெண்கள் உட்கார்ந்து சீட்டுக் கணக்கு பேசினார்கள். 'தண்ணி இல்லாத ஆத்துல கல்லு கோட்டை' என்று எங்கள் துறைக்குள்ளேயே நக்கல் பண்ணினார்கள். மேடம் மாற்றலாகி ஆலங்காயம் பக்கம் போனார், பிறகு வேலூருக்குத் திரும்பினார். நக்கல் அங்கேயும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் வானத்தைப் பார்ப்பார்.

ஒரு வருடம் ஐப்பசி மழை விடவில்லை. மலைப் பக்கத்து ஓடையெல்லாம் நிரம்பி, ஏரியெல்லாம் வழிந்து, ஒருநாள் காலையில் ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஆறு வந்துடுச்சி. எங்கள் பக்கத்தில் ஆறு வந்தால் வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல, மஞ்சளும் குங்குமமும் கற்பூரமுமாகப் பாலத்துக்கு ஓடுவோம். போலீஸ் விரட்ட விரட்டக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. வேலூரிலிருந்து வந்துசேர்ந்த மேடமும் நானும் ஜோதி நகருக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில் இருந்த பாலத்தில் நின்றோம். கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர். நான் பல வருடம் நீலக் கோடு போட்ட இடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பத்தில் ஆறு முழுசாக வலப்பக்கம் சாய்ந்து, முதல் ஸ்பரில் மோதி, நுரைத்து, நடுவுக்கு விலகிப் போனது. இரண்டாவதிலும் அப்படியே.

ஜோதி நகர் கலா எங்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். ஷூ கம்பெனியில் மெஷினில் தைப்பவள். அந்தத் தெருவில் முதல் வீடு அவளுடையது. சாமான்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வீடு போகிறதா நிற்கிறதா என்று பார்க்க வந்திருந்தாள். மூன்றாவது ஸ்பரின் முனை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து தண்ணீருக்குள் போனதைப் பார்த்தோம். கலா மேடத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முனை போனது, அடி நின்றது. மதியத்துக்கு மேல் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. தெரு அப்படியே நின்றது.

கலா அழுதுகொண்டே தன் கையிலிருந்த மஞ்சள் கிழங்கை மேடத்தின் கையில் வைத்து, "நீங்க போடுங்க மேடம்" என்றாள். மேடம் ஒரு நிமிஷம் யோசித்தார். "இத்தினி வருஷம் கழிச்சி நம்மளப் பாக்க வந்திருக்குது, வெறுங்கையோடவா நிக்கிறது" என்று சொல்லிவிட்டு மஞ்சளை ஆற்றில் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னேன் இல்ல?" என்றார். பாலத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவையும் சொன்னார். "நான் சொன்னேன் இல்ல?"

அடக்கமானவர்களைத்தான் நினைவுக் கட்டுரைகளில் புகழ்வது வழக்கம். எனக்கு அந்தக் குரல்தான் பிடிக்கும். சரியாகச் செய்த வேலையைச் சரியாகச் செய்தேன் என்று உரக்கச் சொல்ல எங்கள் அலுவலகத்துப் பெண்களுக்கு அதுவரை வாய் வந்ததில்லை.

அன்று சாயங்காலம் யூசுப் பாய் போன் பண்ணினார். "மேடம், நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சி, முட்டி வரைக்கும். போய்டுச்சி. சேறு கழுவிக்கினு இருக்கோம்." அந்தப் பக்கமிருந்து அவர் சிரித்தது எனக்கும் கேட்டது. மறுநாள் கருணாகரன் தன் ஊர் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிவந்தார். மேடத்துக்குச் சர்க்கரை உண்டு, இனிப்பு ஆகாது. "ஆறு வந்திருக்குது, சக்கரைக்கு இன்னிக்கு லீவு" என்று இரண்டு எடுத்துக்கொண்டார். தண்ணீர் வடிந்த பிறகு, முழங்கால் வலியோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த மூன்றாவது ஸ்பருக்கு இறங்கினார். முனைக்கு அடியில் ஆறு மண்ணைப் பறித்துப் பெரிய பள்ளம் ஆக்கியிருந்தது. "அடிக்கல்ல இன்னும் ஆழமா போட்டிருக்கணும். என் கணக்கு கம்மி" என்றார். அதையும் உரக்கத்தான் சொன்னார். அடுத்த வேலையில் ஆழமாகவே போட்டார்.

ஜோதி நகர்க்காரர்கள் தெருவுக்கு அவர் பெயரை வைக்க ஆசைப்பட்டு வந்து கேட்டார்கள். அவர் மறுப்பார் என்று நான் நினைத்தேன். "வையுங்க. நம்ம ஊர்ல பொம்பளைங்க பேர்ல எத்தினி தெரு இருக்குது?" என்றார். விதிமுறை இடம் தராததால் பலகை வரவில்லை. பலகை எதற்கு? முதல் ஸ்பருக்கு ஜனங்கள் வைத்த பெயர் மேடம் கல்லு. ஆட்டோவில் ஏறி 'மேடம் கல்லு' என்றால் கொண்டுபோய் விடுவார்கள். ஷூ கம்பெனி வேன் காலையில் பெண்களை ஏற்றுவதும், சாயங்காலம் இறக்கிவிடுவதும் மேடம் கல்லு ஸ்டாப்பில்தான்.

அடக்கத்துக்கு ஜோதி நகரிலிருந்து அதே கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்கள். யூசுப் பாயும் வந்திருந்தார். முடியாத உடம்போடு, மகனைப் பிடித்துக்கொண்டு, குழியில் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார். ஆம்பூருக்குத் திரும்ப எனக்கும் அந்த வேனில் இடம் கொடுத்தார்கள். வழியில் வேன் நின்றது. "மேடம் கல்லு எறங்கறவங்க எறங்குங்க" என்றார் டிரைவர். என் பக்கத்தில், அந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, இங்க எறங்கறம்னு தெனம் சொல்றேன், யாரு அந்த மேடம்னு எனக்குத் தெரியாது. இவங்கதானா?" என்று கலாவைக் கேட்டாள்.

"இவங்கதான்" என்றாள் கலா. "எங்க தெருவ ஆத்துகிட்டேர்ந்து கேட்டு வாங்கிக் குடுத்தவங்க."

நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. இருந்தாலும், எனக்கென்று நான் எதை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி முடிக்கிறேன். அவருடைய கற்களை மகள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு வேண்டாம். இன்னும் சில வருடம் எனக்கு வேலை இருக்கிறது. நான் வரையும் ஒவ்வொரு ஆறும் கரையிலிருந்து கரை வரைக்கும் ஆறாகவே இருக்கும். அதைவிட மேலான ஒன்று அவர் சொன்ன ஒரு சொல். அதை நான் எடுத்துக்கொண்டேன் என்பது அன்றைக்கு அந்த வேனில்தான் எனக்கே தெரிந்தது.

எல்லோரும் இறங்கின பிறகு வேன் பாலத்தின் மேல் ஏறியது. கீழே வெறும் மணல், வெயிலில் பளபளத்துக் கிடந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஆறு பாருங்கம்மா, காஞ்சி போய்க் கெடக்குது" என்றார்.

"காயலப்பா" என்றேன். "படுத்துக்கினு போவுது."